மாயச் சந்தையைக் கடந்த வழி: பனியனின் பயணியும் கிருஷ்ணபிள்ளையின் காப்பியமும்



உலகப்பற்றை வெல்லுதல் என்பது தமிழர்க்குப் புதிய பேச்சன்று. திருவள்ளுவர் அடக்கமுடைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். நிலையாமைக்கும் துறவுக்கும் அவாவறுத்தலுக்கும் தனித்தனி அதிகாரங்கள் வகுத்தார். மணிமேகலையின் கதை முழுவதும் பற்றைத் துறந்த ஒரு பெண்ணின் கதையே. இன்றைய பொழிவில் இதே வினாவைக் கிறித்தவ மரபு எவ்வாறு எதிர்கொண்டது என்பதை வரலாற்று நோக்கில் காண விழைகிறேன். அதற்கு இருவரைத் துணையாகக் கொள்கிறேன். ஒருவர் இங்கிலாந்தில் ஓட்டைப் பாத்திரங்களை அடைத்துக்கொடுத்துப் பிழைத்த ஜான் பனியன். மற்றவர் திருநெல்வேலிச் சீமையில் தமிழ்ப் புலமையால் பெயர்பெற்ற எச். ஏ. கிருஷ்ணபிள்ளை. முன்னவர் 1678ஆம் ஆண்டில் ஓர் உரைநடைக் கதையை வெளியிட்டார். அக்கதையைத் தழுவிப் பின்னவர் இயற்றிய ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்னும் காப்பியம் 1894ஆம் ஆண்டில் நூலுருப் பெற்றது.

இவ்விரு நூல்களுக்கும் இடையே ஓர் இடர்ப்பாடான வினா நிற்கிறது. செருக்கை விடுக என்று கூறும் எளிய கதை, புலமையின் முழு அணிகலன்களையும் பூண்ட பெருங்காப்பியமாக மாறியபோது, அதனுள் இருந்த பணிவு என்னவாயிற்று? கல்வியையே தொழிலாகக் கொண்ட நமக்கும் இவ்வினா உரியதே.

மூன்று சொற்கள்

முதற்கண் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். கிறித்தவத் தமிழில் ‘உலகம்’ என்னும் சொல் இருபொருள் தரும். இறைவன் படைத்து நன்றென்று கண்ட உலகம் ஒன்று. இறைவனை மறந்து தன்னையே மையமாகக் கொண்டு இயங்கும் வாழ்க்கைமுறை மற்றொன்று. வெல்லப்பட வேண்டியதாகச் சொல்லப்படுவது பின்னதே. மலரையும் மழையையும் மனைவாழ்வையும் வெறுப்பது இம்மரபின் மையக்கருத்தன்று.

இரண்டாவது சொல் ‘தாழ்மை’. குறள் காட்டும் அடக்கம் தன்னைக் காக்கும் ஆற்றல். தாழ்மையோ தன் நிலையை உள்ளவாறு உணர்ந்து பிறர்க்கும் இறைவனுக்கும் முன் தலை தாழ்த்துதல். இரண்டும் நெருங்கியவை, ஆயினும் ஒன்றல்ல.

மூன்றாவது சொல்லின் வரலாறு சுவையானது. தகுதி நோக்காது இறைவன் தரும் கொடையைக் குறிக்கப் பழைய கத்தோலிக்க வேண்டுதல்களில் ‘பிரியதத்தம்’, ‘இஷ்டப்பிரசாதம்’ முதலான வடசொற்கள் வழங்கின. சீர்திருத்தத் திருச்சபையினர் ‘கிருபை’ என்றனர். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் ‘அருள்’ என்னும் தமிழ்ச்சொல் இடம்பெற்றது. சைவரும் வைணவரும் நெடுங்காலம் போற்றிய சொல் அது. ஒரு கருத்து ஒரு மொழிக்குள் வேர்விட எத்தனை தலைமுறை உழைப்புத் தேவைப்படுகிறது என்பதற்கு இச்சொல்மாற்றமே சான்று.

பணிவு பண்பான வரலாறு

பழைய கிரேக்க, உரோமானிய உலகில் ‘தாழ்ந்த மனம்’ என்பது பெரும்பாலும் இழிவைக் குறித்தது. அடிமைக்கு உரியது தாழ்மை. தன்மதிப்புடைய குடிமகனுக்கு உரியது பெருமிதம். இந்த மதிப்பீட்டைக் கிறித்தவம் தலைகீழாக்கியது. காரணம், அதன் மையத்தில் நின்றது சிலுவை. அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் விதிக்கப்பட்ட இழிந்த சாவை ஏற்றவரையே ஆண்டவர் என்று அறிக்கையிட்டவர்கள், தாழ்வு என்பதன் பொருளையே மாற்றி எழுத வேண்டியவராயினர். பிலிப்பி நகரத்தார்க்குப் பவுல் எழுதிய மடல், இறைத்தன்மையில் இருந்தவர் தம்மை வெறுமையாக்கிக்கொண்டார் என்று விளக்குகிறது. அதன்பின் பணிவு என்பது கீழோரின் தலைவிதியாக நில்லாமல், மேலோர் விரும்பி ஏற்கும் நெறியாயிற்று.

313ஆம் ஆண்டில் கிறித்தவர்க்கு வழிபாட்டுரிமை கிடைத்தது. அரசின் ஆதரவும் செல்வமும் அடுத்து வந்தன. உலகம் வாளோடு வந்தபோது அதனை அடையாளம் காண்பது எளிதாயிருந்தது. பரிசிலோடு வந்தபோது அரிதாயிற்று. அக்காலத்தே எகிப்தின் பாலைவனங்களை நோக்கித் துறவியர் பலர் சென்றனர். ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் தம் துறவு மடத்துக்கு வகுத்த ஒழுங்குநூலில் பணிவைப் பன்னிரு படிகள் கொண்ட ஏணியாக உருவகித்தார். அந்த ஏணியில் தன்னை உயர்த்துபவன் இறங்குகிறான், தாழ்த்துபவன் ஏறுகிறான்.

இவ்வரலாற்றில் அகுஸ்தீனாருக்குத் தனியிடம் உண்டு. 354இல் வட ஆப்பிரிக்காவில் பிறந்து, மிலான் நகரில் சொற்கலை ஆசிரியராக உயர்ந்த அவர், தம் ‘அறிக்கைகள்’ என்னும் நூலில் விக்தோரினுஸ் என்பவரின் கதையைச் சொல்கிறார். விக்தோரினுஸ் உரோமாபுரியின் புகழ்மிக்க சொற்கலை வல்லுநர். அவர்க்கு நகரின் பொதுமன்றத்தில் சிலையே எழுப்பியிருந்தனர். முதுமையில் கிறித்தவ நூல்களைக் கற்று மனம் மாறிய பின்னும், உயர்குடி நண்பர்களின் ஏளனத்துக்கு அஞ்சி அவர் கோயிலுக்குச் செல்லத் தயங்கினார். இறுதியில், மறைவாக உறுதிமொழி கூறலாம் என்று குருமார் அளித்த சலுகையையும் மறுத்து, மக்கள் அனைவரும் காண மேடையேறினார். கற்றவரை உலகத்தோடு கட்டிவைப்பது பொன்னாசையினும் புகழாசையே என்பதை அகுஸ்தீனார் தம்மிடத்தும் கண்டார். 386இல் மனம் மாறிய அவர் தம் பேராசிரியப் பதவியைத் துறந்தார்.

பிற்காலத்தில் பெலாஜியுஸ் என்பவரோடு அவர் நடத்திய வாதம் இன்னும் ஆழமானது. மனிதன் தன் முயற்சியாலேயே நன்னெறியில் முழுமை பெறலாம் என்றார் பெலாஜியுஸ். அப்படியாயின் பெற்ற வெற்றியே புதிய செருக்குக்கு வித்தாகும் என்பதை அகுஸ்தீனார் கண்டார். உலகை வென்றேன் என்று மார்தட்டுபவன் உலகின் பிடியில்தான் இருக்கிறான். எனவே வெற்றியின் தொடக்கமே அருளாக இருத்தல் வேண்டும் என்பது அவர் முடிபு.

சிறையில் விளைந்த கதை

பனியன் 1628இல் பெட்ஃபோர்டு நகரை அடுத்த எல்ஸ்டோ என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையின் தொழிலே அவர்க்கும் தொழில். முதல் மனைவி சீதனமாகக் கொண்டுவந்தவை இரண்டு சமயநூல்களே. பல்கலைக்கழகக் கல்வி பெறாத அவர், மார்ட்டின் லூதர் கலாத்தியர் மடலுக்கு எழுதிய விரிவுரையைத் திருமறைக்கு அடுத்த நிலையில் வைத்துப் போற்றினார். அருள் என்பது உழைத்துப் பெறும் கூலியன்று என்னும் லூதரின் கருத்து, குற்றவுணர்வால் பல்லாண்டு துன்புற்ற அவர்க்கு மருந்தாயிற்று. 1666இல் அவர் வெளியிட்ட தன்வரலாற்று நூல், பாவிகளுள் தலையாயவனுக்கும் பெருகிய அருளைப் பேசுகிறது.

1660இல் மன்னராட்சி மீண்டது. அரச திருச்சபையின் இசைவின்றிச் சமயச் சொற்பொழிவு ஆற்றியமைக்காகப் பனியன் சிறைப்பட்டார். இனிப் பேசுவதில்லை என்று ஒரு சொல் தந்திருப்பாராயின் விடுதலை கிடைத்திருக்கும். அவர் தரவில்லை, சிறைவாசம் பன்னிரண்டு ஆண்டு நீண்டது. இரண்டாம் மனைவி எலிசபெத் நீதிபதிகளின் முன் சென்று கணவருக்காக வாதாடினார், பயன் விளையவில்லை. சிறையில் காலணிக் கயிறுகள் செய்து விற்றுக் குடும்பத்தைக் காத்தார் பனியன். பார்வையற்ற மூத்த மகளைப் பிரிந்த துயரம், எலும்பிலிருந்து தசையைப் பிய்ப்பது போன்றது என்று அவரே எழுதியுள்ளார். அவர் உலகைத் துறந்தவர் அல்லர். உலகில் தமக்கு அருமையானவற்றை நெஞ்சு நோக நேசித்தவர். இதனை மறந்தால் அவருடைய கதையை நாம் தவறாகப் படிப்போம்.

பயண வழியின் வரிசை

‘மோட்சப் பிரயாணம்’ என்னும் பெயரில் தமிழரும் அறிந்த அக்கதை, முதுகில் பெருஞ்சுமையோடு அழிவின் நகரைவிட்டு ஓடும் ஒருவனின் கதை. வழியில் உலக ஞானி ஒருவன் அவனைச் சந்திக்கிறான். அவன் தீயவன் போலப் பேசுவதில்லை. இத்தனை துன்பம் எதற்கு, அருகிலுள்ள ஊரில் ஒழுக்கமும் நற்பெயரும் மலிவாகக் கிடைக்கும் என்று நயமாக அறிவுரை தருகிறான். உலகப்பற்று பெரும்பாலும் மரியாதையான ஆடை அணிந்தே வரும் என்பதைப் பனியன் நன்கறிந்திருந்தார்.

கதையில் நிகழ்வுகள் அமைந்துள்ள வரிசையை மாணவர்கள் உற்றுநோக்க வேண்டும். பயணியின் சுமை சிலுவையடியில் தானாகக் கழன்று விழுகிறது. அவன் அதனை அவிழ்க்கவில்லை. பின்னர் அவன் அழகிய மாளிகையில் இளைப்பாறுகிறான். அதன்பின் தாழ்மைப் பள்ளத்தாக்கில் இறங்குகிறான். அதனையும் சாவின் நிழல் படிந்த பள்ளத்தாக்கையும் கடந்த பின்னரே மாயச் சந்தைக்குள் நுழைகிறான். முதலில் அருள், அடுத்துத் தாழ்மை, அதன்பின் உலகத்தோடு மோதல் என்பதே அவ்வரிசை. தாழ்மையால் அருளை விலைக்கு வாங்குவதில்லை. அருளைப் பெற்றவனே தாழ்மைக்குள் இறங்கும் துணிவு பெறுகிறான்.

பள்ளத்தாக்கில் வழுக்காமல் இறங்குவது கடினம் என்று பயணியை எச்சரிக்கிறார்கள். எச்சரிக்கையோடு இறங்கியும் அவன் ஓரிரு முறை வழுக்குகிறான். அங்கே அப்பொல்லியோன் என்னும் கொடிய பகைவனோடு நிகழும் கடும்போர், அந்த வழுக்கல்களின் விளைவே என்று 1684இல் வெளியான இரண்டாம் பாகம் விளக்குகிறது. அதே பாகத்தில் அந்தப் பள்ளத்தாக்கு செழிப்பான நிலமாகவும், ஏழை இடைச்சிறுவன் ஒருவன் அச்சமின்றிப் பாடும் இடமாகவும் காட்சி தருகிறது. ஏற்கெனவே தாழ்ந்திருப்பவனுக்கு விழுவதற்கு இடமில்லை.

மாயச் சந்தையில் வீடும் நிலமும் பட்டமும் பதவியும் இன்பங்களும் விற்பனைக்கு உள்ளன. இன்ன நாட்டார் தெரு எனப் பிரித்தானியர்க்கும் பிரெஞ்சுக்காரர்க்கும் இத்தாலியர்க்கும் தனித்தனித் தெருக்கள் உள்ளன. எந்த நாடும் விலக்கன்று. பயணிகளின் உடையும் பேச்சும் சந்தையார்க்கு விளங்கவில்லை. எதையும் வாங்காமல் செல்வதே அவர்கள் செய்த குற்றமாகிறது. தோழன் ஒருவன் வழக்காடப்பட்டு எரிக்கப்படுகிறான். வாங்க மறுப்பவனைச் சந்தை வெறுமனே விடுவதில்லை என்பதனைச் சிறைப்பட்ட ஒருவரன்றி யார் இத்துணைத் தெளிவாக எழுதியிருக்க முடியும்?

அருள் இயங்கும் முறையையும் பனியன் ஒரு காட்சியால் விளக்குகிறார். சுவரோரம் ஒரு தீ எரிகிறது. ஒருவன் அதன்மேல் ஓயாமல் நீர் ஊற்றுகிறான். தீயோ மேலும் ஓங்குகிறது. சுவரின் மறுபுறம் சென்று பார்த்தால், அங்கே ஒருவர் மறைவாக எண்ணெய் வார்த்துக்கொண்டிருக்கிறார். எரிபவனின் உறுதியால் மட்டும் தீ நிலைக்கவில்லை. கண்ணுக்குப் புலப்படாத கையே அதனைக் காக்கிறது.

கரையிருப்பிலிருந்து ஒரு பயணி

கிருஷ்ணபிள்ளை 1827இல் திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பு என்னும் ஊரில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தார். இளமையிலேயே கம்பராமாயணத்தில் தோய்ந்தவர். 1853இல் சாயர்புரத்துக் கிறித்தவக் கல்விக்கூடத்தில் தமிழாசிரியராகச் சேர்ந்தபோது அவர் கிறித்தவர் அல்லர். 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்று ஹென்றி ஆல்ஃபிரட் என்னும் பெயர்களை ஏற்றார். அவர் தம்பி முத்தையா பிள்ளையும் அச்சமயத்தைத் தழுவினார்.

அன்றைய நெல்லைச் சீமையில் இம்மாற்றத்தின் விலை பெரிது. அங்கிருந்த சீர்திருத்தத் திருச்சபைகளில் பெரும்பான்மையோர் சாதி அடுக்கில் தாழ்த்திவைக்கப்பட்டிருந்த மக்கள். அவர்களோடு ஒரே நற்கருணைப் பந்தியில் அமர்தல், உயர்ந்தோராகத் தம்மைக் கருதியவர்க்குத் தாழ்மைப் பள்ளத்தாக்கில் இறங்குதலேயாம். எல்லாரும் முழுமையாக இறங்கினர் என்று வரலாறு கூறவில்லை. 1833இல் ஆயர் டேனியல் வில்சன் திருச்சபைக்குள் சாதி வேற்றுமை கூடாதென்று ஆணையிட்டபோது, தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் போன்ற பெரும்புலவரே அதனை எதிர்த்தார். கிருஷ்ணபிள்ளையும் தம் பெயரின் ஈற்றில் இருந்த பட்டத்தை இறுதிவரை விடவில்லை. மாயச் சந்தையின் ஒரு கடை திருச்சபை வளாகத்துக்குள்ளும் திறந்திருந்தது என்று சொல்வது மிகையாகாது. இதனை மறைத்துப் புகழ்வது வரலாறாகாது.

ஆயினும் அவர் இழந்தவையும் உண்மை; தேடியவையும் உண்மை. அருளைப் பற்றிய வினா அவர்க்குப் பிறந்த சமயத்திலேயே பழகிய வினா. தாயை இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டி போல உயிர் இறைவனைப் பற்ற வேண்டுமா, தாய் வாயில் கவ்விச் செல்லும் பூனைக்குட்டி போலச் சும்மா இருத்தல் தகுமா என்று வைணவ ஆசாரியர்கள் நெடிது ஆராய்ந்துள்ளனர். தென்கலை மரபு பூனைக்குட்டியின் பக்கம் நின்றது. லூதரும் பனியனும் பேசிய தகுதி நோக்கா அருளும் இதுவும் ஒன்றே எனக் கூறுவது பிழை. இரண்டன் பின்னணியும் வேறு. ஆனால் அக்கருத்தைக் கேட்கப் பழகிய செவி தமிழ்நாட்டில் ஏற்கெனவே இருந்தது என்பது மறுக்கவியலாதது.

காப்பியத்துள் பணிவு

‘நற்போதகம்’ இதழில் பகுதி பகுதியாக வெளிவந்து நூலான இரட்சணிய யாத்திரிகம், ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவம் என ஐந்து பருவங்களும் 3,700க்கும் மேற்பட்ட செய்யுள்களும் கொண்டது. நாட்டுச் சிறப்பும் நகரச் சிறப்பும் உண்டு. ‘தேவாரம்’ எனப் பெயரிட்ட இசைப்பாடல்களும் இடையிடையே உண்டு. கிறித்தவக் கம்பர் என்று அவரை அறிஞர் அழைத்தது காரணமின்றியன்று.

இப்போது தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். பனியனின் கதையை வேலைக்காரச் சிறுமியும் படித்து மகிழலாம். கிருஷ்ணபிள்ளையின் காப்பியமோ எளிய வாசகர்க்கு உரையின்றி விளங்காது. இது குறையே. புலவர் அவைக்குச் செல்லும் பெருவாயிலைத் திறந்த அந்நூல், எளியோர் நுழையும் சிறுவாயிலை ஓரளவு அடைத்துவிட்டது.

எனினும் நூலின் உள்ளமைப்பை நோக்கினால் மற்றோர் உண்மை தெரிகிறது. பனியன் சிலுவையடியில் சுமை விழுவதைச் சில வரிகளில் சொல்லிக் கடக்கிறார். கிறித்துவின் பாடுகளை விரித்துரைக்கவில்லை. கிருஷ்ணபிள்ளையோ அப்பாடுகளை ‘இரட்சணிய சரிதப் படலம்’ எனத் தனியே விரித்துப் பாடினார். தமிழ்க் காப்பிய மரபில் தலைவன் போரில் வெல்பவன். புலவன் தன் ஆற்றலனைத்தையும் அவ்வெற்றியைப் பாடவே சேமித்துவைப்பான். இங்கோ புலவரின் சொல்வளம் முழுவதும் ஏளனம் செய்யப்பட்டு, கசையடிபட்டு, கொல்லப்படும் ஒருவரின் முன் கொட்டப்படுகிறது. கம்பரிடம் கற்ற அணிகள் அனைத்தும் தாழ்வின் உச்சத்துக்கே படையலாயின. தம் கல்வியை அவர் எறிந்துவிடவில்லை. அதனை வைக்க வேண்டிய இடத்தை மாற்றினார். விக்தோரினுஸ் மேடையேறிய செயலும் இத்தன்மையதே.

பணிவும் அடிமைத்தனமும்

இன்னுமோர் எச்சரிக்கை தேவை. பணிக என்னும் அறிவுரையை வலியோர் எளியோரை அடக்கும் கருவியாகப் பயன்படுத்திய காலங்கள் பல. அடிமைகளை வைத்திருந்த கிறித்தவரும் இதே திருமறையைக் காட்டியே கீழ்ப்படிதலைப் போதித்தனர். பனியனின் வாழ்வு அதற்கு மறுப்பு. இறைவன்முன் தம்மைப் பாவிகளுள் தலையாயவன் என்றவர், நீதிமன்றத்தின்முன் தலைகுனியவில்லை. அவர் தாழ்மை அவரைக் கோழையாக்கவில்லை. இழப்பதற்குப் புகழ் ஏதும் இல்லாதவர் ஆனமையால் அஞ்சாதவர் ஆக்கியது. தன்னைத் தாழ்த்திக்கொள்வது பணிவு. பிறரைத் தாழ்த்திவைத்துவிட்டு அவரைப் பணியச் சொல்வது கொடுமை. முன்னதை இறங்குபவனே தேர்ந்துகொள்ள வேண்டும். பிறர் அவன்மேல் சுமத்தலாகாது.

நிறைவாக

மாணவமணிகளே, மதிப்பெண்ணும் பரிசும் பட்டமும் தம்மளவில் தீயவையல்ல. அவை இல்லாவிடில் நான் யார் என்னும் நடுக்கம் வரும்போதுதான் சந்தை நம்மை வாங்கிவிடுகிறது. ஆசிரியப் பெருமக்களே, நம் வகுப்பில் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு விளங்கும்வரை நம் புலமையைக் குனியச் செய்ய இயலுமாயின், தாழ்மைப் பள்ளத்தாக்கின் பாதை நமக்கும் தெரிந்ததாகும்.

நீங்கள் எச்சமயத்தினராயினும், இரட்சணிய யாத்திரிகத்தையும் பனியனின் கதையின் தமிழாக்கத்தையும் அருகருகே வைத்து ஒருமுறை படித்துப் பாருங்கள். எளிமையின் அழகு ஒன்றில் தெரியும். புலமை முழந்தாளிட்ட அழகு மற்றொன்றில் தெரியும். இரு நூலிலும் பயணி இறுதியில் ஆழமான ஆற்றைக் கடந்தே அக்கரை சேர வேண்டும். அவ்வாற்றுக்குள் இறங்கும்போது சந்தையில் வாங்கிய பொருள் எதுவும் அவன் கையில் இல்லை.